ஈராக் போர் எண்ணெய்க்காகவா? வாதம் பண்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

2003 ஈராக் போர் பேச்சு வந்தாலே ஒருத்தர் "எல்லாம் எண்ணெய்க்குத்தான்"னு ஆரம்பிப்பாரு, இன்னொருத்தர் "சதாம் கொடுங்கோலன், தெரியாதா"ன்னு கத்துவாரு, அதோட வாதம் முடிஞ்சிடும். அதனால முதல்ல அமெரிக்கா வெளிய சொன்ன காரணத்த எடுங்க: சதாம்கிட்ட பேரழிவு ஆயுதம் (அணு, ரசாயன, கிருமி ஆயுதம்) இருக்குன்றது. பிப்ரவரி 5 அன்னிக்கு அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐநா பாதுகாப்பு சபைல ஒரு சின்ன குப்பிய கையில தூக்கிக் காட்டி ஆந்த்ராக்ஸ்ன்ற கொடிய கிருமி பத்தி பேசினாரு, அடுத்த மாசமே படை உள்ள போயிடுச்சு, 2004ல அமெரிக்கா அனுப்பின ஆய்வுக்குழுவே பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லன்னு அறிக்கை குடுத்துச்சு. அதுக்குள்ள எத்தன குடும்பம் அழிஞ்சது, நெனச்சாலே வயிறு எரியுது.

ஆனா சொன்ன காரணம் பொய்னு காட்டிட்டா மட்டும் எண்ணெய்தான் காரணம்னு ஆயிடாது, இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. அதுக்கு தனியா ஆதாரம் வைங்க. 2001ல அப்போதைய அமெரிக்க துணை அதிபர் டிக் செனியோட எரிசக்தி குழு ஆவணங்கள்ல ஈராக் எண்ணெய் வயல் மேப் இருந்துச்சு. 2003 ஏப்ரல்ல பாக்தாத் மியூசியத்த சூறையாடினப்போ அமெரிக்கப் படை எண்ணெய் அமைச்சகத்துக்கு காவல் நின்னுச்சு.

எதிர்ப்பக்கம் 2009 எண்ணெய் வயல் ஏலத்த எடுப்பாங்க: ஈராக்கோட ருமைலா வயல் அமெரிக்கக் கம்பெனிக்குப் போகல, பிரிட்டனோட பிபி (BP), சீனாவோட சிஎன்பிசி (CNPC)ன்ற எண்ணெய் கம்பெனிகளுக்குத்தான் போச்சு, அதுவும் எண்ணெய எடுத்துக் குடுக்க பீப்பாய்க்கு 2 டாலர் கூலிக்கு. வலுவான பாயிண்ட், மழுப்பாதீங்க. என்னைக் கேட்டா "எண்ணெயக் கொள்ளையடிக்க வந்தாங்க"ன்றத விட "வளைகுடா எண்ணெய் மேல பிடி வேணும்னு வந்தாங்க"ன்னா வாதம் நிக்கும். "எண்ணெய் இல்லாத நாட்டுக்கு போவாங்களா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, ஆப்கானிஸ்தான்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க.