ரூபவாகினியை வரவழைத்த கதை

எண்பதுகளின் கடைசியில், ராமேஸ்வரத்தில் எங்கள் வீட்டு டிவியில் ரூபவாகினி, அதாவது இலங்கை அரசு டிவி, என்றால் பாதி படம், பாதி புள்ளி. சிக்னல் வருவதோ இலங்கையில் 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலை மலையுச்சியிலிருந்து. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், நடுவில் கடல்.

முதலில் ஆன்டெனா கட்டியிருந்த 20 அடிக் குழாயை 40 அடியாக்கினேன். கொஞ்சம் தேறியது. அப்புறம் மீன்முள் மாதிரி குறுக்குக் கம்பிகள் அதிகமுள்ள யாகி ஆன்டெனா போட்டு, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி டிவி பக்கத்திலேயே வைத்தேன். புள்ளிகள்தான் பளிச்சென்று தெரிந்தன! கேபிளில் இறங்கி வருவதற்குள் சிக்னல் நலிந்துவிடும். கீழே இருக்கும் பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். அதைக் கழற்றிக் குழாய் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டிக் கட்டியதும் படம் நின்றது. தென்கிழக்குப் பக்கம் திருப்பும்போது வாசலில் நின்ற தம்பி, "அண்ணே, போச்சு... ஆங், வந்துருச்சு, அப்படியே வச்சுக்க!" என்று கத்தியது தனிக்கதை.

மூன்றே மாதத்தில் மறுபடி மங்கல். இறக்கிப் பார்த்தால், ஒயர் முடுக்கிய திருகில் உப்புக்காற்று வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். பகலில் அப்போதும் சுமார்தான். காற்று ஓய்ந்த சாயங்காலங்களில் மட்டும் சிங்களச் செய்தி வாசிப்பவரின் சட்டைப் பொத்தானை எண்ண முடிந்தது.