சாம்பார் கரண்டியும் நாயோட கிட்னி டெஸ்ட்டும்

மும்பை செம்பூர்ல எங்க பில்டிங்ல எந்த நாய்க்கு டாக்டர் யூரின் சாம்பிள் கேட்டாலும் என் கதவைத்தான் தட்டுவாங்க, ஏன்னா கிட்னி வீக்கான எங்க பதினோரு வயசு நாய்க் கிழவிக்கு ரெண்டு வருஷமா நான்தான் புடிக்கிறேன்.

நீட்டுப்புடி வெச்ச பழைய சாம்பார் கரண்டி ஒண்ணு எடுத்து, கழுவி, சோப்பு துளி கூட நிக்காம அலசி காயவெச்சுக்குங்க. அது திரும்ப சமையலுக்கு வராது, எங்கம்மா அதை பால்கனில தனியா ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க. காலைல முதல் யூரின்தான் வேணும், அதுக்காக ராத்திரி தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வெச்சுடாதீங்க, கிட்னி போன நாய்க்கு அது ஆபத்து. பொட்டை நாய் உக்காந்ததும் கரண்டியை நீட்டினா சடக்குன்னு எழுந்துடும், அதனால ஆரம்பிக்கட்டும், முதல் சொட்டுங்க போகட்டும், அப்புறம் பின்னாலேர்ந்து மெதுவா உள்ள விடுங்க. தரையில விழுந்ததை ஸ்பூன்ல அள்ளிட்டு வர்ற ஆளுங்களும் இருக்காங்க, அது வேஸ்ட்.

பூனைன்னா அது போற டிரேல மண்ணுக்குப் பதிலா உறிஞ்சாத பிளாஸ்டிக் மணி வாங்கிப் போட்டு, சிரிஞ்சால உறிஞ்சி எடுங்க. கல்ச்சர் டெஸ்ட்டுன்னா, அதாவது யூரின்ல கிருமி வளருதான்னு பாக்கறதுன்னா, இது எதுவும் ஆகாது, டாக்டர்தான் ஊசி போட்டு மூத்திரப் பைலேர்ந்து நேரா எடுக்கணும்.

அரை மணி, மிஞ்சினா ஒரு மணிக்குள்ள குடுத்துடுங்க, முடியலன்னா ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் கூடாது. நான் ஒருதடவை காலைல ஆறு மணிக்கு புடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு மத்தியானம் குடுத்தேன், நிறைய கிரிஸ்டல்னு ரிப்போர்ட் வந்து கல்லுதான்னு பயந்துட்டோம், மறுநாள் சுடச்சுட குடுத்ததுல ஒண்ணும் இல்ல. ஆறினா தானா கிரிஸ்டல் கட்டுமாம்.

ரத்த ரிப்போர்ட்ல எல்லாரும் கிரியாட்டினினையே, அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவையே பாக்கறாங்க. அது ஏறத் தொடங்கும்போது கிட்னியில முக்கால் பங்கு வேலை போயிருக்கும். நான் முதல்ல பாக்கறது ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது யூரின் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு. நாய்க்கு 1.030, பூனைக்கு 1.035க்கு மேல இருந்தா நல்லது, 1.008லேர்ந்து 1.012க்குள்ளயே திரும்பத் திரும்ப நின்னா கிட்னி தண்ணியை இழுத்து வெச்சுக்கலன்னு அர்த்தம். யூரின்ல முக்கற ஸ்ட்ரிப்ல வர்ற கிராவிட்டியை நம்பாதீங்க, கெட்டியை அளக்கற ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில ஒரு சொட்டு விட்டு பாத்தீங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. சீக்கிரமே தெரியணும்னா எஸ்டிஎம்ஏன்னு ரத்த டெஸ்ட் இருக்கு, கிரியாட்டினினுக்கு முன்னாடியே ஏறும். புரோட்டீன் போகுதான்னு பாக்க யூபிசி, அதாவது யூரின்ல புரோட்டீனுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், நாய்க்கு 0.5, பூனைக்கு 0.4 தாண்டினா கவனிக்கணும், ஆனா யூரின்ல இன்ஃபெக்ஷன், ரத்தம் இருந்தாலும் அது ஏறும், அதை முதல்ல பாத்துட்டுதான் முடிவு பண்ணணும்.

மழைக்காலத்துல தேங்கின தண்ணில நடந்த நாய் திடீர்னு வாந்தி எடுத்து, சாப்பாட்டை விட்டு, கண்ணு மஞ்சளா இருந்தா கரண்டியைத் தொடாதீங்க. எலிக் காய்ச்சலா இருக்கலாம், அந்த யூரின் மனுஷனுக்கும் ஒட்டும். கிளவுஸ் போட்டு நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, புடிக்கறதை அவங்க பாத்துப்பாங்க.