எட்டு வருடம் கோஸ்டர் மட்டுமே பின்னியவள் செய்த தவறுகள்

எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் இழுப்பறை முழுக்க கோஸ்டர்தான், அதாவது டம்ளருக்கு அடியில் வைக்கும் சிறு விரிப்பு. வட்டம், சதுரம், பூ வடிவம் எல்லாம் உண்டு. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில் என் கோஸ்டர் போய்ச் சேராத வீடு குறைவு. தீபாவளிக்குக் கொடுத்தேன், புதுமனை புகுவிழாவுக்குக் கொடுத்தேன், ஒருமுறை லிஃப்டில் பார்த்தவருக்குக்கூடக் கொடுத்தேன். எட்டு வருடம் குரோஷே ஊசி (நுனியில் கொக்கி உள்ள ஒற்றைப் பின்னல் ஊசி) பிடித்த கை, வேறு எதையும் பின்னி முடிக்கவில்லை. தங்கை மகள் கைப்பேசியில் ஒரு கார்டிகன் (முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர்) படத்தைக் காட்டி, “பெரியம்மா, இது பின்னித் தருவீங்களா?” என்று கேட்டபோது, “அதெல்லாம் எனக்கு வராதும்மா” என்று உடனே சொல்லிவிட்டேன்.

அந்த ‘வராது’தான் முதல் தவறு. படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அது அறுகோணக் கார்டிகன். இரண்டு பெரிய அறுகோணங்களைப் பின்னி, ஒவ்வொன்றையும் மடித்தால் பாதி உடம்பும் ஒரு கையும் கிடைக்கும். இரண்டையும் முதுகில் சேர்த்துத் தைத்தால் வேலை முடிந்தது. அந்த அறுகோணத்துக்குள் இருப்பது செயின், டபுள் குரோஷே என்ற அடிப்படை ஸ்டிட்ச்கள் (பின்னல் முடிச்சுகள்), மூலைக்கு மூலை கொஞ்சம் கூடுதல் ஸ்டிட்ச், அவ்வளவுதான். கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து சுற்றிப் பின்னும் சதுரம்) பின்னத் தெரிந்தவருக்கு அதில் புதிதாக ஒரு ஸ்டிட்ச்கூடக் கிடையாது.

இப்போதெல்லாம் புது பேட்டர்ன் (பின்னல் செய்முறைக் குறிப்பு) எடுத்தால் ஒரு தாளில் நடுவே கோடு போடுகிறேன். இடப்பக்கம் கைக்குப் பழகியது, வலப்பக்கம் பழகாதது. கார்டிகனுக்கு வலப்பக்கம் இரண்டே வரிதான் வந்தது: அளவெடுப்பது, துண்டுகளை இணைப்பது.

அப்படியானால் எதற்கு அவ்வளவு பயம்? பழைய யானை ஒன்றுதான் காரணம். பல வருடம் முன்பு அமிகுருமி யானை, அதாவது பஞ்சு அடைத்த குரோஷே பொம்மை, பின்ன ஆசைப்பட்டேன். மேஜிக் ரிங், அதாவது நடுவில் ஓட்டை விழாமல் இழுத்து மூடும் தொடக்க வளையம், அதுவரை போட்டதில்லை. சுற்றை மூடாமல் சுருளாகத் தொடர்ந்து பின்னிப் பழக்கமில்லை. பேட்டர்ன் ஜப்பானியக் குறியீட்டுப் படம். இவ்வளவும் போதாதென்று, கறுப்பு நிற வெல்வெட் நூல். அந்த நூலில் ஸ்டிட்ச் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நாளில் தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்திரிக்காய் வந்தது. பொம்மையே எனக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

தோற்றதைவிட, எது தோற்றது என்று பார்க்காமல் விட்டதுதான் பெரிய தவறு. நான்கு புதிய விஷயங்களை ஒரே நேரத்தில் தொட்டால், எது கவிழ்த்தது என்று எப்படித் தெரியும்? இதே யானையை வெளிர் நிறப் பருத்தி நூலில் பின்னியிருந்தால் பாதிச் சிக்கல் வந்தே இருக்காது. ஒரு தடவைக்கு ஒரு புதுமை போதும். நூல் புதிது என்றால் ஸ்டிட்ச் பழையதாக இருக்கட்டும். வடிவம் புதிது என்றால் நூல் பழகியதாக இருக்கட்டும்.

அமிகுருமியில் இன்னொரு விஷயம், கணக்கு. முதல் சுற்றில் 6 ஸ்டிட்ச், அடுத்து 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு 6 கூடும். புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது புரியும்: ஒரு புள்ளி விட்டுப் போனால் கடைசியில் சிக்கு சேராது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மார்க்கர் (இடத்தைக் காட்டும் சிறு கொக்கி) மாட்டுங்கள். மார்க்கர் இல்லையென்றால் வேறு நிற நூல் துண்டு போதும். நூல் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தாலும் பொம்மைக்கு 3 அல்லது 3.5 எடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வைத்த பஞ்சு எட்டிப் பார்க்கும்.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய குழப்பம். நூலகத்தில் எடுக்கும் புத்தகம் பிரிட்டிஷ் முறையில் இருக்கும், யூடியூபில் சொல்லித் தருபவர் அமெரிக்கராக இருப்பார். அமெரிக்கரின் சிங்கிள் குரோஷே, பிரிட்டிஷ்காரருக்கு டபுள் குரோஷே. அமெரிக்கரின் டபுள், அவர்களுக்கு டிரெபிள். இது தெரியாமல் பின்னினால் சால்வை பாதி உயரத்தில் நிற்கும், நாமோ நம் கையைக் குறை சொல்வோம். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பேட்டர்னில் எங்காவது ‘சிங்கிள் குரோஷே’ என்று இருந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. ஊசியின் எண்ணையும் நம்பாதீர்கள். ஜப்பானிய 6/0 என்பது 3.5 மி.மீ., அமெரிக்க ஜி-6 என்பது 4 மி.மீ. மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

சரி, உடுப்புக்கு வருவோம். மாதிரித் துண்டு பின்னாமல் ஆரம்பிப்பதை நான் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன், அவசரம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 16 ஸ்டிட்ச் என்று பேட்டர்ன் சொல்கிறது. சுற்றளவு 100 செ.மீ. வேண்டுமென்றால் 160 ஸ்டிட்ச். உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 10 செ.மீ.க்குள் 18 விழுகிறது என்று வையுங்கள். அதே 160 ஸ்டிட்ச் 89 செ.மீ.தான் வரும். 11 செ.மீ. போய்விட்டது. நான்கு வாரம் பின்னிய பிறகு இது தெரிந்தால் யாருக்குத்தான் அடுத்த உடுப்பைத் தொட மனசு வரும்? 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 18 வந்தால் பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

துவைத்து என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன்களில் பல, பனி பெய்யும் ஊர்களுக்கு எழுதப்பட்டவை, கம்பளி நூலில். சிங்கப்பூரில் அதைப் போட்டுக்கொண்டு ரயில் நிலையம் வரை நடந்தாலே வேர்த்துக் கொட்டும். அதனால் பருத்திக்கு மாறுகிறோம். நல்ல முடிவு. ஆனால் பருத்தி கனம்; கம்பளி மாதிரி இழுபட்டு மீளாது, தன் எடையாலேயே கீழே இறங்கும். நான் முதலில் பின்னிய கையில்லாத மேற்சட்டையைத் துவைத்து, வழக்கம்போல் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டினேன். மாலையில் எடுத்தபோது அது கவுன் ஆகியிருந்தது! பருத்திப் பின்னலைத் துண்டின் மேல் விரித்துப் படுக்கையாக உலர்த்துங்கள், மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி விடுங்கள். நீளத்தையும் இரண்டு மூன்று செ.மீ. குறைத்தே திட்டமிடுங்கள்.

நூல் வாங்கும்போது போதுமான உருண்டைகளை ஒரே சாயத் தொகுதி எண்ணில் (ஒன்றாகச் சாயம் போட்டதைக் காட்டும் லேபிள் எண்) வாங்கிவிடுங்கள். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் திரும்பப் போகும்போது அதே எண் இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல நூலை ‘கை தேர்ந்த பிறகு’ என்று பூட்டி வைப்பவர்களும் உண்டு. என்னிடம் அப்படி ஆறு உருண்டை இருந்தது. பட்டுப்புடவை மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன்.

பிரிக்கப் பயப்படுவதுதான் எனக்குக் கடைசியாகப் போன பழக்கம். பக்கத்து புளோக் அக்கா ஒருவர், கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நான் தவறான வரிசையை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, “ஏம்மா, அது என்ன சட்டையா வெட்டித் தைச்சிருக்கே? இழு, வந்துடும்” என்றார். உண்மைதான். இரண்டு ஊசிப் பின்னலில் ஊசி முழுக்கக் கண்ணிகள் திறந்திருக்கும், ஒன்று நழுவினால் ஓடிவிடும். குரோஷேயில் எப்போதும் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணிதான். தவறு நடந்த இடம் வரை இழுத்து, அந்த ஒரு கண்ணியைப் பிடித்தால் போதும். மோஹேர் போன்ற மயிர் நூல்களும் அந்த வெல்வெட்டும் மட்டும் விலக்கு. பிரித்தால் சிக்கிக்கொள்ளும், கிழியும்.

ஆனால் எல்லாவற்றையும் பிரிக்கவும் கூடாது. அறுகோணம் பின்ன ஆரம்பித்தபோது ஐந்தாம் சுற்றில் அது மேசையில் தட்டையாக நிற்கவில்லை, அப்பளம் மாதிரி நெளிந்தது. தவறு என்று நினைத்து இரண்டு தடவை பிரித்தேன். பிறகுதான் புரிந்தது: கிரானி ஸ்கொயரின் மூலை நான்கு இருந்தால் தட்டையாக இருக்கும், அதே மூலை ஆறு வந்தால் நெளிந்துதான் ஆக வேண்டும். நெளிவதால்தான் மடித்தால் ஆங்கில ‘எல்’ வடிவில் உட்காருகிறது. பேட்டர்னைக் கடைசி வரை ஒருமுறை வாசித்திருந்தால் இரண்டு இரவு மிஞ்சியிருக்கும்.

எதை எங்கே பின்னுவது என்பதிலும் தவறு செய்தேன். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் ரயிலில் மூலைச் சுற்று பின்னினால் அங் மோ கியோ வருவதற்குள் எண்ணிக்கை போய்விடும். இப்போது ரயிலில் நேர்ப் பகுதிகள், வீட்டில் மூலைகளும் கணக்குகளும்.

முதல் அறுகோணம் முடிந்து நாற்காலி முதுகில் கிடக்கிறது, அந்த ஆறு உருண்டையில்தான் பின்னினேன். இரண்டாவது ஒன்பதாம் சுற்றில், மார்க்கர் மாட்டியபடி பைக்குள். தங்கை மகள் போன வாரம் வந்து அதைத் தோளில் போட்டுப் பார்த்தாள். யானையைத்தான் எங்கே என்று கேட்கிறாள்.