சீன நண்பர் வீட்டுக்குப் புத்தாண்டுக்குப் போகிறீர்களா?

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் உதவும். 2027இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. கொண்டாட்டம் 15 நாள் நீளும், அதனால் முதல் நாளே போயாக வேண்டும் என்றில்லை.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். இரண்டு மாண்டரின் ஆரஞ்சு போதும். ஒற்றைப்படையில் வேண்டாம், ஜோடிதான் மங்களம். கான்டனீஸ் மொழியில் இந்தப் பழத்தின் பெயரும் தங்கத்தின் பெயரும் ஒரே மாதிரி ஒலிக்கும். பழம் கொடுப்பது பொன் கொடுப்பதாகவே கணக்கு. இரண்டு கையாலும் ஏந்தி, "கோங் ஸி ஃபா சாய்" என்று வாழ்த்திக் கொடுங்கள். கிளம்பும்போது அவர்களும் இரண்டு பழம் தருவார்கள். "ஐயோ, நாங்கள்தானே கொண்டு வந்தோம்" என்று மறுக்காதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இதுதான், யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

அங்பாவ் (பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை) கொடுப்பதென்றால் புதுத் தாளாக, இரட்டைப்படைத் தொகையாக வையுங்கள். நான்கு மட்டும் கூடாது, அந்த எண்ணின் உச்சரிப்பு சாவை நினைவூட்டும். நம் வீடுகளிலும் தீபாவளிக்கு உறை கொடுக்கிறோமே, அதே அன்புதான். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: கொடுத்தவர் எதிரில் உறையைப் பிரிக்கக் கூடாது.

கறுப்பு, வெள்ளை உடை வேண்டாம். கடிகாரத்தைப் பரிசாகத் தரவே தராதீர்கள். சீனத்தில் "கடிகாரம் கொடுப்பது" என்ற சொல், இறுதிச் சடங்கு செய்து வழியனுப்புவதுபோல் ஒலிக்கும்.