ஏசி திணறுதா? ஸ்டெபிலைசர் வாங்கும் முன் வோல்டேஜைப் பாருங்க

வேலூர், காட்பாடி பக்கம் கத்திரி வெயிலில் ராத்திரி வோல்டேஜ் இறங்கினதும் கடைக்கு ஓடாதீங்க. ஏசி ஓடும்போதே எலக்ட்ரீஷியனை விட்டு இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்க. மெயின் போர்டில் 220 வோல்ட், ஏசி பிளக்கில் 195 என்றால் கோளாறு உங்க ஒயரிங்கில்: மெல்லிய ஒயர், இல்லை லூஸ் கனெக்‌ஷன். மெயினிலேயே 180க்குக் கீழே நின்றால்தான் ஸ்டெபிலைசருக்கு வேலை.

அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் என்ற காயிலின் டேப்பை (இணைப்பு இடத்தை), ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் மாற்றுகிறது. அந்த 'டக்' சத்தம் அதுதான். 160ஐ 220 ஆக்கும்போது, ஏசி 8 ஆம்பியர் இழுத்தால் லைனில் 11 ஆம்பியர் போகும். அதனால் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் நல்லது.

த்ரீ பேஸ் வீட்டில் ஒரு ரூம் மங்கி, இன்னொன்று கண் கூசுகிற மாதிரி எரிந்தால் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) கழன்றிருக்கலாம். உடனே மெயினை ஆஃப் பண்ணிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குப் போன் போடுங்க.