பச்சையில் நின்ற முள்ளை நம்பவில்லை

சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் பட்டறையில் இருந்த தூள் தீயணைப்பான்களில் ஒரு ரகத்துக்கு வால்வு கோளாறு என்று, விற்றவர்களே திரும்பக் கேட்டார்கள். அழுத்தமானியின் முள் பச்சையில்தான் நின்றது. ஆனால் அது உள்ளே அழுத்தம் இருப்பதை மட்டுமே காட்டும். பிடியை அழுத்தினால் வால்வு திறக்குமா என்று காட்டாது. அதனால் ஒவ்வொன்றின் லேபிளிலும் உள்ள மாடல் எண்ணை, அவர்கள் திரும்பக் கேட்ட ரகத்தோடு ஒப்பிட்டேன். சிலவற்றில் எழுத்து எண்ணெய்க் கறையில் மறைந்திருந்தது, துடைத்துத்தான் படிக்க முடிந்தது.

"உடனே கழற்றிடலாமாண்ணே?" என்றார் வெல்டிங் தம்பி. கூடாது, நெருப்புப்பொறி பறக்கிற இடம் வெறுமையாகிவிடும். இரவல் சிலிண்டர்களை மாட்டிய பிறகே பழையவற்றை இறக்கினேன். 'பயன்படுத்தாதீர்' என்று தமிழிலும் வங்காளத்திலும் சீட்டு ஒட்டி, அறையில் வைத்துப் பூட்டினேன். அழுத்தம் நிறைந்த சிலிண்டரைக் குப்பையில் போட முடியாதே! சப்ளையரே வந்து எடுத்துப்போனார். அப்புறம் புதியவற்றின் எண்களைப் பராமரிப்புப் பதிவேட்டில் ஏற்றினேன்.