புபூசா: சுண்ணாம்பில் அவித்த சோளன் ரொட்டி

மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோர் மக்களின் புபூசா, உள்ளே அவரைக்கொட்டையும் சீஸும் வைத்துத் தட்டிச் சுடும் தடித்த சோளன் ரொட்டி. 2005இல் அந்த நாடு இதைத் தேசிய உணவாக அறிவித்தது.

சரிவருவதும் பிழைப்பதும் மாவில்தான். கடையில் பெட்டியில் வரும் கோன்பிளவர் வெறும் மாச்சத்து, இதற்கு உதவாது. காய்ந்த சோளனைச் சும்மா திரித்த மாவும் தட்டும்போது பிளந்துபோகும். சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்தால்தான் தோல் கழன்று, மா ஒட்டிப் பிடிக்கும்.

மனிதர் உண்ணும் காய்ந்த சோளன் அரைக் கிலோ எடுங்கள். விதைச் சோளனில் மருந்து பூசியிருக்கலாம், அது வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு 2 தேக்கரண்டியை ஒன்றரை லீற்றர் தண்ணீரில் கரைத்து, எவர்சில்வர் பானையில் சோளனோடு 40 நிமிடம் அவித்து, இரவு முழுக்க மூடிவையுங்கள். அலுமினியப் பானையைச் சுண்ணாம்பு அரிக்கும். காலையில் தோல் கழரக் கசக்கி நாலைந்து தண்ணீரில் கழுவி, கொஞ்சத் தண்ணீர் தெளித்து மையாக அரைத்து உப்புச் சேருங்கள். கனடாவிலிருந்து வருவோரிடம், ஏற்கெனவே சுண்ணாம்பில் அவித்துத் திரித்த 'மாசா ஹரினா' மாவைச் சொல்லியனுப்பினால் இவ்வளவு பாடும் இல்லை: 2 கப் மாவுக்கு ஒன்றரைக் கப் இளஞ்சூட்டு வெந்நீர்.

உள்ளீட்டுக்கு அங்கே சிவப்பு அவரை. இங்கே கௌப்பி பொருந்தும். ஒரு கப்பை ஊறவிட்டு அவித்து மசித்து, வெங்காயம் வதக்கிய எண்ணெயில் தாச்சியை விட்டு விலகும்வரை கிளறுங்கள். ஈரம் நின்றால் ரொட்டி வெடிக்கும். ஆறியதும் துருவிய மொசரெல்லா 150 கிராம் கலக்கலாம்.

கையில் எண்ணெயும் தண்ணீரும் தொட்டு, தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையை மோதகத்துக்குப் போலக் கிண்ணமாக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி உள்ளீடு வைத்து, வாயைக் கூட்டி மூடி, உள்ளங்கைகளுக்கிடையில் மாற்றி மாற்றி ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குத் தட்டுங்கள். விளிம்பு வெடித்தால் மா காய்ந்திருக்கிறது, ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பிசையுங்கள்.

நடுத்தர நெருப்பில் தோசைக்கல்லில் பக்கத்துக்கு 4 நிமிடம். நெருப்புக் கூடினால் மேல் கருகும், உள் பச்சையாக நிற்கும். ஓரத்தால் வழியும் சீஸ் கல்லில் முறுகி ஒட்டும். அதைச் சுரண்டி எறியாதீர்கள், அதுதான் ருசி.

தொட்டுக்கொள்ள 'குர்த்திதோ' இல்லாமல் புபூசா இல்லை. அரைக் கோவாவை மெல்லியதாக அரிந்து கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து, துருவிய கரட், வெங்காயம், அரைக் கப் வினாகிரி, கால் கப் தண்ணீர், உப்பு, ஒரிகானோ சேர்த்து முதல்நாளே ஊறவிடுங்கள். சூட்டோடு ரொட்டியின்மேல் அள்ளி வைத்து, கையால் பிய்த்துச் சாப்பிடவேண்டும்.